குடகனாற்றுச் சமவெளியின் எதிர்காலங்கள்: காலநிலை ஆய்வில் சமூகப் பொருளாதாரச் சித்திரங்கள்

ஒரு நிலப்பகுதி இன்னும் முப்பது அல்லது எழுபது ஆண்டுகளில் எவ்வளவு சூடாகும், அங்கே மழை எப்படிப் பெய்யும் என்ற கேள்விக்கு இயற்பியல் தனித்து விடை சொல்லிவிட முடியாது. வளிமண்டலத்தில் சேரப்போகும் கரியமில வாயுவின் அளவு, உலகில் எத்தனை பேர் வாழ்வார்கள், அவர்கள் எதை எரித்து மின்சாரம் பெறுவார்கள், எந்த நிலத்தில் என்ன பயிரிடுவார்கள், நாடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா, முரண்படுமா என்பவற்றையெல்லாம் பொறுத்தது. இவற்றில் எதையும் முன்கூட்டியே கணித்துச் சொல்ல இயலாது என்பதால், ஒன்றுக்கொன்று மாறுபட்ட, ஆனால் தனக்குள் முரண்படாத சில எதிர்காலங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் காலநிலை என்னவாகும் என்று கேட்கும் முறையை ஆய்வாளர்கள் வகுத்துக்கொண்டனர். அத்தகைய ஒவ்வொரு வரைவையும் எதிர்காலச் சித்திரம் எனலாம். அது முன்னறிவிப்பும் ஆகாது, விருப்பப் பட்டியலும் ஆகாது. இன்னின்ன நிகழ்ந்தால் இன்னின்ன விளையும் என்ற நிபந்தனை வாக்கியம் அது.

இம்முறையின் வேர் காலநிலை அறிவியலில் இல்லை. அணுஆயுதப் போர் பற்றிய அமெரிக்க ஆய்வுகளில் ஹெர்மன் கானும், 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக்கும் இதை வளர்த்தெடுத்தனர். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவாகிய ஐபிசிசி, 1990 இலும் 1992 இலும் உமிழ்வு பற்றிய எளிய சித்திரங்களை வெளியிட்டு, 2000 ஆம் ஆண்டில் நாற்பது சித்திரங்களை நான்கு குடும்பங்களாகப் பிரித்துத் தந்தது. வளர்ச்சி வேகமாகவும் உலகம் ஒன்றிணைந்தும் செல்லும் ஏ1 குடும்பமும் அதற்குள் பலவகை எரிபொருள்களைச் சமநிலையில் பயன்படுத்தும் ஏ1பி என்ற கிளையும் இந்தியாவில் அதிகம் புழங்கியவை. அடுத்து 2011 இல் வந்த செறிவுப் பாதைகள் சமூகக் கதையை ஒதுக்கிவிட்டு, 2100 இல் புவியில் கூடுதலாகத் தேங்கும் வெப்ப ஆற்றலை மட்டும் சதுர மீட்டருக்கு 2.6, 4.5, 6, 8.5 வாட் என்று குறித்தன. இந்த இடைவெளியை நிரப்ப எழுந்தவையே இன்று எஸ்எஸ்பி என்று சுருக்கி வழங்கப்படும் பகிரப்பட்ட சமூகப் பொருளாதாரப் பாதைகள்.

பாதைகள் ஐந்து. நீடித்த வளர்ச்சியை நோக்கிச் செல்லும் உலகம் முதலாவது. இன்றைய போக்கே ஏறத்தாழ நீளும் இடைவழி இரண்டாவது. நாடுகள் தத்தம் எல்லைக்குள் ஒடுங்கிப் பகைத்துக்கொள்ளும் உலகம் மூன்றாவது. நாடுகளுக்கிடையிலும் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு பெருகும் உலகம் நான்காவது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தே வளம் பெருக்கும் உலகம் ஐந்தாவது. இவற்றை வகைப்படுத்த இரண்டு கேள்விகள் பயன்படுகின்றன. உமிழ்வைக் குறைப்பது, அதாவது தணிப்பு, அந்தச் சமூகத்துக்கு எவ்வளவு கடினம் என்பது ஒன்று. வந்துவிட்ட மாற்றத்தோடு ஒத்து வாழப் பழகுவது, அதாவது தகவமைப்பு, எவ்வளவு கடினம் என்பது மற்றொன்று. முதற் பாதையில் இரண்டும் எளிது. மூன்றாவதில் இரண்டும் கடினம். 2100 இல் உலக மக்கள்தொகை முதற் பாதையில் ஏறத்தாழ 700 கோடியாகவும் மூன்றாவதில் 1,200 கோடிக்கு மேலாகவும் அமைவதைக் கொண்டே இவை எவ்வளவு விலகிச் செல்கின்றன என்பதை உணரலாம்.

ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை 2021 இல் இப்பாதைகளையும் பழைய வாட் அளவீட்டு முறையையும் இணைத்து ஐந்து சித்திரங்களை முதன்மையாக எடுத்துக்கொண்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட, நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் புவியின் சராசரி வெப்ப உயர்வு மிகக் குறைந்த உமிழ்வில் 1.4 பாகையாகவும் மிக உயர்ந்த உமிழ்வில் 4.4 பாகையாகவும் இருக்கும் என்பது அதன் மைய மதிப்பீடு. செய்தித்தாள்கள் எடுத்தாளும் எண்கள் இவையே. ஆனால் ஒரு மாவட்டத்தின் பார்வையில் இதைவிட முக்கியமான எண்கள் அதே அட்டவணையின் முதற் பத்தியில் உள்ளன. 2021 முதல் 2040 வரையிலான காலத்தில் நான்கு சித்திரங்களிலும் உயர்வு 1.5 பாகை, ஐந்தாவதில் 1.6. 2041 முதல் 2060 வரையில் கூட 1.6 தொடங்கி 2.4 வரைதான் விரிகிறது. வெளிவந்துவிட்ட வாயுக்களும் கடல் தேக்கிவைத்துள்ள வெப்பமும் அடுத்த ஓரிரு தலைமுறையின் வானத்தைப் பெருமளவு முடிவுசெய்துவிட்டன. வானம் அவ்வளவாகப் பிரியாத இந்த முப்பது ஆண்டுகளில் சமூகங்கள் வெகுதூரம் பிரிந்து செல்லக்கூடும் என்பதே திண்டுக்கல் போன்ற வறண்ட சமவெளிக்கு இச்சித்திரங்கள் சொல்லும் தலையாய செய்தி. மாவட்ட அளவிலான ஆய்வுகள் இதுவரை போதிய அளவு கைக்கொள்ளாத செய்தியும் அதுவே.

தமிழ்நாட்டில் நடந்த பணியைப் பார்த்தால் இக்குறை தெளிவாகும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற மையம், பிரிட்டனின் ஹாட்லி மையம் உருவாக்கிய ப்ரெசிஸ் என்ற வட்டார மாதிரியைக் கொண்டு, ஏ1பி சித்திரத்தின் அடிப்படையில் மாநிலத்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கணிப்புகளை உருவாக்கியது. உலகளாவிய மாதிரிகளின் பெரிய கட்டங்களை மாவட்டம் அடங்கும் அளவுக்குச் சிறு கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடும் முறை இது. 1970 முதல் 2000 வரையிலான காலத்தை அடிப்படையாகக் கொண்டால், மாநிலத்தின் சராசரி உச்ச வெப்பம் 2040, 2070, 2100 ஆம் ஆண்டுகளில் முடியும் முப்பதாண்டுகளில் முறையே 1.0, 2.2, 3.1 பாகை உயரும் என்ற மதிப்பீடு மாநிலத்தின் முதல் காலநிலைச் செயல்திட்டத்தில் இடம்பெற்றது. அரிய உழைப்பு அது. மாவட்டங்களுக்கு முதன்முதலாக எண்கள் கிடைத்தன. எனினும் ஏ1பி என்பது வெப்பத்தின் பெயர் மட்டும் அன்று. ஆசிய நாடுகள் விரைந்து செல்வம் பெருக்கி, மக்கள்தொகை நூற்றாண்டின் நடுவில் உச்சம் தொட்டு இறங்கி, தொழில்நுட்பம் எல்லோர்க்கும் பரவிய ஓர் உலகம் அதற்குள் இருக்கிறது. அந்த உலகத்தின் வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மனிதர்களை விட்டுவிட்டு, வெப்பத்தை இன்றைய உழவர் மீதும் இன்றைய கிணற்றின் மீதும் சுமத்திப் பார்ப்பதே பொது வழக்கமாயிற்று. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை முன்னெடுத்த, நாட்டின் எல்லா மாவட்டங்களையும் ஒரே சட்டகத்தில் ஒப்பிட்ட பாதிப்புக்குள்ளாகும் தன்மை பற்றிய ஆய்வும் இன்றைய குறியீடுகளையே அளவுகோலாகக் கொண்டது. எதிர்கால வானத்தின் கீழ் நிகழ்காலச் சமூகத்தை நிறுத்தி வைக்கும் இந்த முறை, நாளை யார் பாதிக்கப்படுவார் என்ற கேள்விக்கு இன்று யார் ஏழை என்ற விடையைத் தந்துவிட்டு நின்றுவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய பிழைக்கு இடம்தரும் என்பதைக் கடந்த காலத்தை வைத்தே சோதிக்கலாம். மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் எல்லையாக அமைய, குடகனாறு வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கும் இந்தத் திண்டுக்கல் சமவெளி, வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பிய, கெட்டிப்பாறை அடித்தள நிலம். 1970 ஆம் ஆண்டில் அமர்ந்து, அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதியின் 2020 ஐ ஒருவர் எழுத முயன்றிருந்தால், அவர் முன்னிருந்த செய்திகள் எவை? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள். ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 1.45 ஹெக்டேர்; தோட்டங்களில் கமலை மறைந்து மோட்டார் பம்புசெட் பரவிக்கொண்டிருந்த காலம். மக்கள் பெருக்கத்தையும் உணவுப் பற்றாக்குறையையும் அவர் நிச்சயம் எழுதியிருப்பார். ஒரு பெண்ணுக்கான குழந்தைகளின் சராசரி 2019–21 இல் 1.8 ஆகக் குறையும் என்று எழுதத் துணிந்திருக்கமாட்டார். உழவு மோட்டார்களுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசமாகும் என்பதும், ஆழ்துளைக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் பரவும் என்பதும், வேடசந்தூர், வடமதுரைச் சாலைகளின் இருபுறமும் நூற்பாலைகள் எழுந்து, வடமாநிலத் தொழிலாளர்கள் அவற்றின் விடுதிகளில் தங்கி வேலை செய்வார்கள் என்பதும் அவர் கணக்கில் வந்திருக்கமாட்டா. 2015–16 இல் மாநிலத்தின் சராசரி உடைமை 0.75 ஹெக்டேராகச் சுருங்கியதை ஓரளவு ஊகித்திருக்கலாம்.

இம்மாற்றங்கள் மழையை மாற்றவில்லை. மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை மாற்றின. பாசனத்துக்காக வெட்டிய அகன்ற கிணறு ஒன்றை நெருங்கிப் பார்த்தால் இந்த வரலாறு சுவர்களிலேயே தெரியும். மேலே கல்கட்டு, அதற்குக் கீழே வெடி வைத்துத் தகர்த்த பாறை, நீர் இறங்க இறங்கப் பக்கவாட்டில் துளைத்த சைடு போர்களின் வரிசை, அடித்தரையில் மேலும் கீழே செலுத்திய போர், அதுவும் வற்றியபின் கிணற்றுக்கு வெளியே, தோட்டத்து மூலையில், எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று இறக்கிய புதிய ஆழ்துளை. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வறட்சியையும் ஒரு கடனையும் குறிக்கிறது. கடன் வாங்க முடிந்தவர் அடுத்த அடுக்குக்குச் சென்றார். முடியாதவர் தோட்டத்தை மானாவாரியாகவோ தரிசாகவோ விட்டு, வீட்டில் ஒருவரை மில்லுக்கு அனுப்பினார். 2016 இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 விழுக்காடு குறைந்து, 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டபோது, ஒரே வானத்தின் கீழ் இருந்த இரு பக்கத்துத் தோட்டங்கள் இருவேறு முடிவுகளை அடைந்ததற்கு இதுவே காரணம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் இம்மாவட்டத்தின் பல ஒன்றியங்கள் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்ற வகையில் வருவதும் இந்தத் தொடர் இறக்கத்தின் விளைவு.

வெள்ளத்துக்கும் இதே பாடம் பொருந்தும். வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே எழுந்த மண் அணை, கட்டி முடித்த 1977 ஆம் ஆண்டிலேயே உடைந்தது. அணைப்பொறியியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வு அது. வெள்ளம் வந்தபோது பணியாளர்கள் மதகுகளின் அடைப்புப் பலகைகளை உயர்த்தத் தொடங்கினர், மின்சாரம் நின்றது, மாற்று மின்னாக்கி இயக்கப்பட்டும் போதவில்லை, கையால் சுழற்றி உயர்த்த முயன்றனர், பலகைகள் பாதி எழுந்த நிலையிலேயே நீர் கரையின் மேல் வழிந்து பின்சரிவை அரித்தது. மழையின் அளவு அந்த அழிவின் ஒரு பாதிதான். கம்பி அறுந்தால் என்ன செய்வது, எத்தனை கைகள் வேண்டும், கீழேயுள்ள ஊர்களுக்கு யார் சொல்வது என்பன மறுபாதி. எதிர்காலப் பெருமழைகள் மேலும் கடுமையாகும் என்று மாதிரிகள் ஓரளவு உறுதியோடு சொல்லும்போது, அந்த மறுபாதி எந்தப் பாதையில் செல்லும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஐந்து உலகப் பாதைகளை இச்சமவெளியில் இறக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவு வெளிச்சம் தருவதில்லை. எரிபொருள் வழி வளரும் ஐந்தாவது பாதையும், எல்லைகள் இறுகும் மூன்றாவதும் பெரும்பாலும் மாவட்டத்துக்கு வெளியே தீர்மானமாகின்றவை. ஆயினும் மூன்றாவது பாதையில் பஞ்சும் நூலும் எல்லை கடக்கத் தடுமாறினால் நூற்பாலை வேலையும், அண்டை மாநிலத்தோடு பிணக்கு முற்றினால் கேரளத்துக்கு நாள்தோறும் செல்லும் ஒட்டன்சத்திரம் சந்தையின் காய்கறி லாரிகளும் முதலில் அடிபடும் என்பதை மறக்கலாகாது. மிக ஆழ்ந்து எண்ண வேண்டியது ஏற்றத்தாழ்வின் பாதையாகிய நான்காவது. அதன் விதைகள் இங்கே ஏற்கெனவே ஊன்றப்பட்டுள்ளன. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டுமுயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் காட்டும் நிழல்வலைக் குடிலும் சொட்டுநீர்ப் பாசனமும் நீரைச் சிக்கனப்படுத்தும் நல்ல தொழில்நுட்பங்கள். ஆனால் மானியம் போக மீதிப் பணத்தைப் போட வல்லவரிடமும் போரில் நீர் உள்ளவரிடமும் மட்டும் அவை சென்று சேர்ந்தால், மிச்சமான நீர் அதே தோட்டத்தின் கூடுதல் பரப்புக்குப் போய்விடும். பக்கத்துக் கிணறு நிறையாது. நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பறிக்கும் பெண்கள் விடியலுக்கு முன்பே வயலில் இறங்குகிறார்கள். நண்பகல் வேலை இயலாத அளவுக்கு வெப்பம் கூடும் உலகில் கூலி எப்படி நிர்ணயமாகும் என்பது நான்காவது பாதைக்கும் முதலாவதுக்கும் இடையே உள்ள நேரடி வேறுபாடு. வெப்பமானியின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக்கூடும்.

நகரின் குடிநீர் இன்னொரு உண்மையை வெளிப்படுத்துகிறது. 2011 கணக்கெடுப்பில் 2,07,327 பேர் வாழ்ந்து, 2014 இல் மாநகராட்சியான திண்டுக்கல், ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தையும், வைகையின் பேரணையையும், கரூர்ப் பகுதியிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக்குடிநீரையும் நம்பியிருக்கிறது. நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் உப்புக் கழிவு மேல் குடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டதை ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் பலமுறை ஆராய்ந்து எழுதியுள்ளனர். ஆகவே உள்ளூர்க் கிணற்றுக்குத் திரும்பும் வழி குறுகிவிட்டது. ஆத்தூர் அணைக்குக் கீழே ராஜவாய்க்காலுக்கும் குடகனாற்றுக்கும் இடையே நீரைப் பங்கிடுவதில் மேற்படுகை, கீழ்ப்படுகை உழவர்களுக்குள் பிணக்கு நீடிக்கிறது. மலையில் பெய்யும் மழை, சமவெளியின் வழக்கு, மேட்டூரின் நீர்மட்டம், பெங்களூருவின் வளர்ச்சி ஆகிய நான்கும் ஒரு தெருக்குழாயில் சந்திக்கின்றன. மாவட்ட எல்லைக்குள் மட்டும் வரையும் சித்திரம் இங்கே பயன்படாது. காவிரிப் படுகையின் கர்நாடகப் பகுதி எந்தச் சமூகப் பாதையில் செல்கிறது என்பதும் திண்டுக்கல்லின் சித்திரத்தில் இடம்பெற வேண்டும்.

உலகச் சித்திரங்களின் குறைகளையும் இங்கே கூறவேண்டும். மிக உயர்ந்த உமிழ்வுச் சித்திரத்தைப் பல ஆய்வுகள் வழக்கமான போக்கு என்று காட்டியது தவறு என ஜீக் ஹாஸ்ஃபாதரும் க்ளென் பீட்டர்ஸும் 2020 இல் வாதிட்டனர். நிலக்கரிப் பயன்பாடு அவ்வளவு பெருகும் என்பதற்கு இன்று ஆதாரம் மெலிந்துவிட்டது. இதைவிட ஆழமான விமர்சனம் இந்தியாவிலிருந்து எழுந்தது. பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் தேஜல் கனித்கரும், சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி. ஜெயராமனும் உடன் ஆய்வாளர்களும், ஐபிசிசி அறிக்கையின் 556 தணிப்புச் சித்திரங்களை ஆராய்ந்து, தெற்காசியாவும் ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கேயுள்ள பகுதியும் 2050 இலும் தலைக்குரிய வருவாயில் உலகச் சராசரிக்குக் கீழேயே நிற்கும்படி அவை வரையப்பட்டுள்ளதை 2022 இல் எடுத்துக்காட்டினர். வளர்ந்த நாடுகளின் தலைக்குரிய நுகர்வு உயர்ந்தே நிற்க, ஏழை நாடுகளின் தாழ்ந்த நுகர்வின் மேல் தணிப்பின் சுமை ஏறுகிறது என்பது இதன் பொருள். எதிர்காலத்தை எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அதனால் அறிவியலின் வெளியே நிற்பதில்லை, எண்களுக்குள்ளேயே இருக்கிறது. தேசிய அளவில் நிகழும் இந்த அநீதி மாவட்ட அளவிலும் திரும்ப நிகழலாம். மொத்த உள்நாட்டு உற்பத்தி, கல்வி, நகரமயம் என்ற மூன்று நான்கு குறிகளால் ஆன எஸ்எஸ்பி அட்டவணைகளில் நிலம் யாருடையது என்பதும், சாதி எந்தத் தெருவுக்குக் குழாயைக் கடைசியாகக் கொண்டுசெல்கிறது என்பதும் வருவதில்லை.

ஆகவே உலகப் பாதைகளைச் சட்டகமாகக் கொண்டு, உள்ளடக்கத்தை ஊரிலிருந்து நிரப்பும் முறையே இச்சமவெளிக்குத் தக்கது. தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் மாவட்ட இயக்கம் அமைகிறது. கிராமப்புற உயர்கல்வியை நோக்கமாகக் கொண்டு 1956 இல் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமக் கிராமிய நிறுவனம் சின்னாளபட்டியை ஒட்டியே இருக்கிறது. இவ்விரண்டும் கைகோத்து, மடை திறக்கும் நீர்க்கட்டி, கமிஷன் மண்டிக்காரர், மில் விடுதிப் பெண், தோல் ஆலைத் தொழிலாளி, குடிநீர் வாரியப் பொறியாளர் ஆகியோரை ஓரிடத்தில் அமர்த்தி, 2050 இல் தத்தம் தொழில் எப்படியிருக்கும் என்று மூன்று நான்கு முரண்பட்ட கதைகளை எழுதவைக்கலாம். அதன்பின் ஒவ்வொரு கதையிலும் 2016 போன்றதொரு பருவத்தைப் பெய்யவிட்டு, அல்லது பெய்யாமல் விட்டு, எந்தத் திட்டம் எல்லாக் கதைகளிலும் தாங்குகிறது, எது ஒரே கதையில் மட்டும் பலிக்கிறது என்று பார்க்கலாம். கண்மாய்களின் வரத்து வாய்க்கால்களை மீட்பது எந்தப் பாதையிலும் வீணாகாத செலவு என்று இப்போதே சொல்ல முடியும். ஆயிரம் அடி ஆழத்தை நம்பும் பயிர்த்திட்டம் ஒரு பாதையிலும் நெடுநாள் நிற்காது.

வடகிழக்குப் பருவமழையின் போக்கில் மாதிரிகள் ஒன்றுபடாத நிலை தொடர்ந்தாலும் இம்முயற்சி தடைப்படத் தேவையில்லை. மழை கூடும் கதையும் குறையும் கதையும் அருகருகே எழுதப்படட்டும். உண்மையான தடை அடிப்படைத் தரவில் இருக்கிறது. எதிர்காலம் பற்றிய எந்தக் கணக்கும் தொடங்கும் புள்ளி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021 இல் நடந்திருக்க வேண்டிய அது தள்ளிப்போனதால், மாவட்டத்தின் 21.6 இலட்சம் மக்கள் என்ற 2011 எண்ணையே எல்லாரும் நீட்டி நீட்டிப் பயன்படுத்துகின்றனர். அந்த நீட்சியில் மில் விடுதிகளின் புலம்பெயர் தொழிலாளர்கள் இல்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் குடிபெயர்ந்தவர்கள் இன்னும் ஊரிலேயே எண்ணப்படுகிறார்கள். 2027 மார்ச் 1 ஐக் கணக்குநாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பு சாதிவாரி விவரத்தையும் சேர்த்துத் தரவிருக்கிறது. அந்த எண்கள் ஊராட்சி வாரியாக வெளியாகும்போது, அவற்றோடு ஒவ்வொரு ஊராட்சியின் கிணறு, போர் ஆகியவற்றின் ஆழத்தையும் இணைத்துப் பதிவு செய்யும் பணியை மாவட்ட இயக்கம் இப்போதே திட்டமிட்டு வைத்தால், குடகனாற்றுச் சமவெளியின் முதல் எதிர்காலச் சித்திரத்தை உண்மையான அடித்தளத்தின் மேல் எழுதத் தொடங்கலாம்.